மாநில பிராட்பேண்ட் மானியம்: அமெரிக்காவில் வீட்டுக்கு லைன் கேட்டு அலைபவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஊருக்குச் சற்று வெளியே நிலத்தோடு வீடு வாங்குவார்கள். குடிபோகும் வாரத்தில்தான் கேபிள் லைன் அரை மைலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது தெரியவரும். "மாநில அரசு மானியம் தருதாமே" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த மானியத்தின் விதிகளை, வீட்டில் இருப்பவருக்கு எது பயன்படும் என்ற கோணத்தில் இங்கே தொகுத்திருக்கிறோம்.

இந்த மானியத்துக்கு நான் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. பணம் வீட்டுக்காரருக்கு வராது, லைன் இழுக்கும் நிறுவனத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோதான் போகும். நிறுவனம் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு "இந்த வீடுகளுக்கு இவ்வளவு செலவில் இணைப்பு தருகிறேன்" என்று மாநில பிராட்பேண்ட் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கும். உங்கள் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

வீட்டுக்காரர் நேரடியாக நுழைய வழி வைத்திருக்கும் மாநிலங்கள் சில உண்டு. மினசோட்டா சட்டத்தில் லைன் நீட்டிப்புக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. இணைப்பு இல்லாதவர் தன் முகவரியைப் பதிவு செய்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த முகவரிகள் நிறுவனங்களுக்குப் போகின்றன, லைனை நீட்ட எவ்வளவு ஆகும் என்று நிறுவனங்கள் விலைப்புள்ளி தருகின்றன. ஒரு நீட்டிப்புக்கு மானிய உச்சவரம்பு 25,000 டாலர். இதிலும் காசோலை நிறுவனத்தின் பெயருக்குத்தான். உங்கள் மாநிலத்தில் இப்படி ஏதும் உண்டா என்று மாநில பிராட்பேண்ட் அலுவலகத்திடம் "லைன் எக்ஸ்டென்ஷன் புரோகிராம்" என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள். "மானியம் கிடைக்குமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

மாநில மானியம் என்கிறார்கள், பீட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பீட் (BEAD) என்பது இணைய லைன் இழுப்பதற்கான ஒன்றிய அரசின் பணம். 2021 நவம்பர் 15 அன்று கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டத்தில் இதற்கு 42.45 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். மேற்பார்வை என்.டி.ஐ.ஏ. என்ற ஒன்றிய நிறுவனம், பங்கிட்டுக் கொடுப்பது மாநிலம். 2023 ஜூன் மாதம் அறிவித்த ஒதுக்கீட்டில் டெக்ஸாஸுக்கு 3.3 பில்லியன், கலிஃபோர்னியாவுக்கு 1.86 பில்லியன், வட கரோலினாவுக்கு 1.5 பில்லியன் டாலர் வந்தது.

இதற்கு முன்பே 2021 கொரோனா நிவாரணச் சட்டத்தின் கேபிடல் புராஜெக்ட்ஸ் ஃபண்ட் வழியாகவும் மாநிலங்களுக்குப் பணம் வந்தது. அதில் நடக்கும் வேலைகளுக்கு 2026 டிசம்பர் 31 கடைசி நாள். மூன்றாவது வகை, மாநிலம் தன் சொந்த வரவு செலவிலிருந்து கொடுப்பது. மினசோட்டா 2014 முதல் அப்படி நடத்துகிறது, வர்ஜீனியாவுக்கும் நீண்ட நாள் அனுபவம் உண்டு.

விதிகள் இந்த மூன்றுக்கும் வேறு வேறு. அலுவலகத்தில் பேசும்போது "எந்த நிதியில்?" என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வீடு தகுதி உள்ளதா?

பீட் கணக்கில் வீடுகள் மூன்று வகை. பதிவிறக்கம் 25, பதிவேற்றம் 3 எம்பிபிஎஸ் கூடக் கிடைக்காத வீடு "அன்சர்வ்ட்", அதாவது சேவையே இல்லாதது. 25/3 உண்டு, ஆனால் 100/20 இல்லை என்றால் "அண்டர்சர்வ்ட்", அரைகுறை. 100/20 கிடைத்தால் சேவை உள்ள வீடு, மானியம் கிடையாது. முதல் வகைக்கு முன்னுரிமை. தாமத நேரமும், அதாவது தரவு போய்த் திரும்ப எடுக்கும் நேரமும், 100 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று. நீங்கள் என்ன திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பது கணக்கில் வராது, உங்கள் வாசலில் எது கிடைக்கிறது என்பதுதான் வரும். மலிவென்று 10 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருப்பவர் வீட்டுக்கு அதே நிறுவனம் 300 தர முடியுமென்றால், அந்த வீடு சேவை உள்ள வீடுதான். சாட்டிலைட் மட்டும் கிடைக்கும் வீட்டை ஏற்கெனவே சேவை உள்ள வீடாக எண்ணுவதில்லை. கைப்பேசி சிக்னலும் கணக்கில் சேராது.

அதை யார் முடிவு செய்கிறார்கள்?

வரைபடம். எஃப்.சி.சி. என்ற ஒன்றியத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தேசிய பிராட்பேண்ட் வரைபடம் 2022 நவம்பரில் வெளிவந்தது. ஒவ்வொரு கட்டடமும் அதில் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து இலக்க லொகேஷன் ஐடி. நிறுவனங்கள் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 30 நிலவரமும் டிசம்பர் 31 நிலவரமும், எந்தப் புள்ளிக்கு எந்த வேகம் தர முடியும் என்று அறிக்கை கொடுக்கின்றன. அந்த அறிக்கை அப்படியே வரைபடத்தில் ஏறும். வாசலுக்கு வந்து யாரும் பார்ப்பதில்லை. தவறுகளில் பெரும்பகுதி இந்த ஓட்டையில்தான் பிறக்கிறது.

ஐந்து நிமிட வேலை: வரைபடத்தில் முகவரியைத் தட்டுங்கள். புள்ளி உங்கள் கூரை மேல்தான் நிற்கிறதா, பக்கத்துக் களஞ்சியத்தின் மேலா என்று பெரிதாக்கிப் பாருங்கள். "ஃபிக்ஸ்ட் பிராட்பேண்ட்" பட்டியலில் நிறுவனத்தின் பெயர், தொழில்நுட்பம், பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம் வரிசையாக இருக்கும். லொகேஷன் ஐடியோடு அதைத் திரைப்பிடிப்பு எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி யாரிடம் பேசினாலும் அந்த எண்தான் உங்கள் வீட்டின் பெயர்.

பிறகு உங்கள் மாநில பிராட்பேண்ட் அலுவலகப் பக்கத்தில் பீட் இறுதித் திட்டத்தைத் தேடுங்கள். எந்த லொகேஷன் ஐடி எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தொழில்நுட்பத்துக்கு என்ற பட்டியலை அதோடு இணைத்திருப்பார்கள். பெரிய கோப்பு, கைப்பேசியில் திறக்காது. கணினியில் திறந்து ஐடியைத் தேடினால் விடை ஒரே வரியில் இருக்கும்.

வரைபடத்தில் கேபிள் உண்டு என்கிறது. நிறுவனத்தைக் கேட்டால் லைன் நீட்ட 18,000 டாலர் என்கிறது. எது உண்மை?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, கையில் பிடிமானம் உள்ள கேள்வியும் இதுதான்.

ஒரு நிறுவனம் ஒரு வீட்டை "சேவை தர முடியும்" என்று காட்ட வேண்டுமானால், கேட்ட 10 வேலை நாளுக்குள், வலையமைப்பை நீட்டுவதற்கென்று தனிக் கட்டணமோ தாமதமோ இல்லாமல், வழக்கமான முறையில் இணைப்பு தர வேண்டும். 18,000 டாலர் கோட்டேஷன் வந்தது என்றாலே அந்த வீட்டை அவர்கள் வரைபடத்தில் காட்டியது தவறு. அந்தக் கோட்டேஷன் உங்களுக்குக் கெட்ட செய்தி மாதிரித் தெரியும், உண்மையில் அதுதான் உங்கள் சாட்சி.

ஆகவே தொலைபேசியில் கேட்டுவிட்டு விடாதீர்கள். இணையதளத்திலோ சாட்டிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். வாசகம் எளிமையாக இருக்கட்டும்: "இந்த முகவரிக்கு வீட்டு இணைய இணைப்பு வேண்டும். 10 வேலை நாளுக்குள், நீட்டிப்புக் கட்டணம் இல்லாமல் தர முடியுமா?" பதில் எதுவானாலும் சேமியுங்கள். தொலைபேசியில்தான் பேச முடிந்தது என்றால் தேதி, நேரம், பேசியவர் சொன்ன பெயர், டிக்கெட் எண்ணை அப்போதே எழுதி வையுங்கள்.

அடுத்து வரைபடத்தில் உங்கள் புள்ளியைத் திறந்து, அந்த நிறுவனத்தின் வரியில் "அவைலபிலிட்டி சேலஞ்ச்", அதாவது இந்தச் சேவை இங்கே கிடைக்காது என்ற ஆட்சேபணை, கொடுங்கள். காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்: இணைப்பு மறுத்தார்கள், 10 வேலை நாளுக்குள் தேதி தரவில்லை, சொன்ன தேதிக்கு வரவில்லை, வழக்கமான கட்டணத்துக்கு மேல் கேட்டார்கள், அறிவித்த வேகத்தை விற்பதே இல்லை என்பவை முக்கியமானவை. கோட்டேஷன் வந்திருந்தால் கட்டணக் காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். "சேவை மோசம்" என்று விளக்கப் பெட்டியில் பத்தி பத்தியாக எழுதுவது எதற்கும் உதவாது. கேட்ட தேதி, வந்த பதில், அந்தப் பதிலின் நகல், இந்த மூன்றும் போதும்.

நிறுவனத்துக்குப் பதில் சொல்ல 60 நாள். ஒப்புக்கொண்டால் அந்த வரி நீங்கும். சில சமயம் சேலஞ்ச் போன பிறகு, "தவறு நடந்துவிட்டது, இலவசமாகவே இழுத்துத் தருகிறோம்" என்று அழைப்பு வரும். அதுவும் வெற்றிதான். எழுத்தில் வாங்கிக்கொண்டு சரி சொல்லுங்கள்.

வேகச் சோதனை எடுத்து அனுப்பினால் போதாதா?

எஃப்.சி.சி. வரைபடத்தின் சேலஞ்சுக்குப் போதாது. வரைபடம் காட்டுவது நிறுவனம் விற்பதாகச் சொல்லும் வேகத்தை, உங்கள் வீட்டில் இன்று மாலை வந்த வேகத்தை அல்ல. பழைய வைஃபை ரூட்டரில் எடுத்த சோதனையை வைத்து நிறுவனத்தைக் குற்றம் சொல்ல முடியாது என்பது அவர்கள் தரப்பு நியாயம், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

என் வீடு வரைபடத்திலேயே இல்லை.

புதிதாகக் கட்டிய வீடாக இருக்கும், இல்லையென்றால் மரங்கள் மறைத்த கூரையாக இருக்கும். "லொகேஷன் சேலஞ்ச்" கொடுத்துப் புள்ளியைச் சேர்க்கச் சொல்லலாம். கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) கொடுத்த முகவரிச் சான்று, கட்டட அனுமதி இருந்தால் இணையுங்கள். புள்ளிகளின் பட்டியலும் ஆண்டுக்கு இருமுறைதான் புதுப்பிக்கப்படும், ஆகவே மறுநாள் போய்ப் பார்க்க வேண்டாம்.

வரைபடத்தைத் திருத்திவிட்டேன். பீட் பட்டியலில் என் வீடு சேர்ந்துவிடுமா?

தானாகச் சேராது. பீட் பணத்துக்கு மாநிலங்கள் தனியாக ஒரு சேலஞ்ச் நடத்தி, பட்டியலை மூடிவிட்டன. அதிலும் தனி நபர் நேரடியாக மனுக் கொடுக்க முடியவில்லை. உள்ளாட்சிகள், லாப நோக்கற்ற அமைப்புகள், நிறுவனங்கள் மட்டுமே கொடுக்கலாம் என்பது விதி. திருத்தத்தின் பலன் மாநிலத்தின் சொந்த மானியச் சுற்றுகளிலும் அடுத்து வரும் திட்டங்களிலும்தான் தெரியும். திருத்திய ஐடியோடு மாநில அலுவலகத்துக்கும் கவுண்டி ஆணையருக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அடுத்த விண்ணப்பம் தயாரிக்கும் நிறுவனம், ஆள் இருக்கிறார்களா என்று முதலில் விசாரிப்பது கவுண்டியைத்தான்.

பட்டியலில் இல்லை, ஆனால் வேகமும் இல்லை. ஏன் விட்டார்கள்?

பெரும்பாலும் வேறொரு மானியத்தில் உங்கள் வீடு ஏற்கெனவே மாட்டியிருக்கும். 2020 இறுதியில் நடந்த ஆர்டாஃப் என்ற எஃப்.சி.சி. கிராமப்புற மானிய ஏலம், வேளாண் துறையின் ரீகனெக்ட், கேபிடல் புராஜெக்ட்ஸ் ஃபண்ட் போன்ற ஒன்றில் யாரோ உங்கள் வீட்டுக்குச் சேவை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தால், அதே வீட்டுக்கு இரண்டாவது பணம் கிடையாது. வாக்குக் கொடுத்தவர் வரவில்லை என்றால் வீடு அந்தரத்தில் நிற்கும். ஆர்டாஃபில் பணத்தை வேண்டாமென்று விட்டுப்போன நிறுவனங்கள் பல. மாநில அலுவலகத்திடம் கேட்க வேண்டியது: "இந்த ஐடி மீது என்ஃபோர்சபிள் கமிட்மென்ட் (கட்டுப்படுத்தும் வாக்குறுதி) இருக்கிறதா? யாருடையது? கெடு எப்போது?"

எதிர்வீட்டுக்கு வந்த ஃபைபர் எனக்கு ஏன் வரவில்லை?

மானியம் தெருவுக்குக் கிடையாது, புள்ளிக்கு. எதிர்வீட்டுப் புள்ளி "சேவை இல்லாதது", உங்கள் புள்ளி மேல் யாரோ 100/20 என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வாசல் வழியே ஃபைபர் போய்விட்டது என்றால், மானியம் இல்லாமலே உங்களைச் சேர்ப்பது நிறுவனத்துக்கு லாபம்தான். கட்டுமானக் குழு அந்தப் பகுதியில் இருக்கும்போதே கேளுங்கள். லாரி போன பிறகு கேட்டால் விலை வேறு.

அப்பார்ட்மெண்ட்டில் வாடகைக்கு இருக்கிறேன்.

நூறு குடியிருப்பு இருந்தாலும் வரைபடத்தில் ஒரு கட்டடம் ஒரே புள்ளி. வீட்டு உரிமையாளரின் நுழைவு அனுமதி இல்லாமல் எந்த நிறுவனமும் உள்ளே கம்பி இழுக்க முடியாது, ஆகவே முதலில் அவரிடம்தான் பேச வேண்டும். "எங்களுக்கு ஒரு நிறுவனத்தோடு மட்டும்தான் ஒப்பந்தம்" என்று சொன்னால்: விளம்பரத்துக்குத் தனி உரிமை கொடுக்கலாம், மற்ற நிறுவனங்கள் நுழையவே கூடாது என்ற ஒப்பந்தத்தை எஃப்.சி.சி. தடை செய்திருக்கிறது.

ஃபைபர்தான் வருமா?

முதலில் வெளியான விதிகள் ஃபைபருக்கு முன்னுரிமை கொடுத்தன. 2025 ஜூன் 6 அன்று என்.டி.ஐ.ஏ. விதியை மாற்றியது. தொழில்நுட்பம் எதுவானாலும் 100/20 வேகமும் 100 மில்லிசெகண்டுக்குள் தாமதமும் தந்து, பிற்காலத் தேவைக்கேற்ப வளரக்கூடியதென்று காட்டினால் சமம், குறைந்த செலவு கேட்பவருக்கே வேலை. மாநிலங்கள் முன்பு தேர்ந்தெடுத்ததைக் கலைத்துவிட்டு மறுசுற்று நடத்த வேண்டியதாயிற்று. முன்பு "ஃபைபர்" என்று செய்தி கேட்ட வீடுகள் சிலவற்றுக்கு இப்போது ஃபிக்ஸ்ட் வயர்லெஸ் (கோபுரத்திலிருந்து கூரைக்கு வரும் கம்பியில்லா இணைப்பு) அல்லது தாழ்சுற்றுப்பாதை சாட்டிலைட் என்று எழுதியிருப்பது இதனால்தான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் கால் மைல் இருக்கும் இடங்களில் ஃபைபர் செலவு கூடும் என்பது கணக்கு. இருபது வருடக் கணக்குப் போட்டால் விடை மாறும் என்பது எங்கள் கருத்து, ஆனால் விதி அப்படிப் பார்ப்பதில்லை.

வயர்லெஸ் என்று வந்திருந்தால், கோபுரத்துக்கும் உங்கள் கூரைக்கும் நடுவே மரம் இருக்கிறதா என்பதைக் கோடையில் பாருங்கள். இலையுதிர்ந்த ஜனவரியில் சோதித்துவிட்டுப் போன சிக்னல் மே மாதம் இருக்காது.

எப்போது வரும்?

பீட் விதிப்படி, நிறுவனத்துக்கு மானியம் கிடைத்த நாளிலிருந்து நான்கு ஆண்டுக்குள் சேவை தொடங்க வேண்டும். மாநிலங்களின் இறுதித் திட்டங்களுக்கு ஒப்புதல் 2025 இறுதியில்தான் வரத் தொடங்கியது.

கம்பத்தில்தான் காலம் கரையும். மின்கம்பம் வேறொருவருடையது, புதிய கேபிளுக்கு இடம் ஒதுக்க ஏற்கெனவே தொங்குபவற்றை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். "மேக் ரெடி" என்பார்கள். எஃப்.சி.சி. விதிப்படி கம்பத்தின் உரிமையாளர் ஆய்வுக்கு 45 நாள் எடுத்துக்கொள்ளலாம், அதன் பிறகு மதிப்பீடு, பணம், வேலை. கூட்டுறவு மின் சங்கங்களும் நகராட்சி மின்வாரியங்களும் அந்த விதிக்குள் வராது, கிராமப்புறத்தில் கம்பம் அவர்களுடையதாகவே இருக்கும். இதோடு சுற்றுச்சூழல் ஆய்வு, தொல்லியல் ஆய்வு, உறைபனிக் காலத்தில் தோண்ட முடியாமை. "இந்த வருடமே" என்று யாராவது சொன்னால் "கம்பம் யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள்.

தெருவிலிருந்து வீடு வரை இழுக்கும் செலவு யாருடையது?

தெருக் கம்பத்திலிருந்து சுவர் வரை வரும் துண்டுக்கு "டிராப்" என்று பெயர். டிரைவ்வே நீளமான வீடுகளில் சண்டை வரும் இடம் இது. மானிய ஒப்பந்தத்தில் உங்கள் ஐடி இருந்தால், நிறுவனம் அந்த டிராப் செலவையும் கணக்கில் சேர்த்தே பணம் கேட்டிருக்க வேண்டும். பதிவு செய்யச் சொல்லி வரும் முதல் கடிதத்துக்குக் கெடு இருக்கும். கெடுவுக்குள் கையெழுத்திட்டால் டிராப் இலவசம், பிறகென்றால் கட்டணம் என்று சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. சேவை இப்போதைக்கு வேண்டாம் என்றாலும், இழுத்துச் சுவரில் நிறுத்திவிட்டுப் போக அனுமதி கொடுப்பது நல்லது.

நீளம் ஏன் பிரச்சினை? வழக்கமான ஆர்ஜி-6 கோஆக்ஸியல் கேபிள் 1 கிகாஹெர்ட்ஸில் 100 அடிக்கு ஏறக்குறைய 6.5 டெசிபல் இழக்கும். 500 அடி போனால் 32 டெசிபல், அதாவது அனுப்பிய ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சாது. அதனால்தான் கேபிள் நிறுவனம் சில நூறு அடிக்கு மேல் என்றால் தடித்த கேபிளும் ஆம்ப்ளிஃபையரும் சேர்த்து விலை சொல்கிறது. அதே 500 அடியில் ஃபைபரின் இழப்பு 0.05 டெசிபல். ஃபைபருக்கு 1,400 அடி டிரைவ்வே ஒரு பொருட்டே அல்ல, செலவு முழுக்கத் தோண்டும் கூலிதான். ஆகவே நீங்களே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்துக் கொடுத்தால் விலை குறையுமா என்று கேட்பது வீண் பேச்சல்ல. ஆழம், குழாய் அளவு, உள்ளே இழு கயிறு வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

தோண்டும் முன், மண்ணுக்குள் இருக்கும் குழாய், கம்பிகளைக் குறிக்கச் சொல்லி 811 என்ற தொலைபேசி எண்ணை அழைப்பது கட்டாயம், இலவசம். வந்து நிறக் குறி போடுவார்கள்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. உங்கள் சொந்தக் குழாய்களை அவர்கள் குறிப்பதில்லை. புரோப்பேன் தொட்டியிலிருந்து வரும் குழாய், செப்டிக் வரிசை, தோட்டத் தண்ணீர்க் குழாய், நாய்க்கு மண்ணுக்குள் போட்ட வேலிக் கம்பி ஆகியவற்றை நீங்களே கொடி நட்டுக் காட்ட வேண்டும்.

குடியிருப்பு வீட்டுச் சங்கம் (எச்.ஓ.ஏ.) சாட்டிலைட் தட்டு வைக்கக் கூடாது என்கிறது.

ஒரு மீட்டர் விட்டத்துக்குட்பட்ட தட்டை, உங்கள் தனிப் பயன்பாட்டில் உள்ள கூரையிலோ பால்கனியிலோ வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது. எஃப்.சி.சி. விதி, 1996 முதல். அப்பார்ட்மெண்ட்டின் பொதுக் கூரைக்கு இது பொருந்தாது.

மாதக் கட்டணத்துக்கு உதவி உண்டா?

மாதம் 30 டாலர் கொடுத்த ஏ.சி.பி. என்ற ஒன்றிய அரசின் உதவித் திட்டம் 2024 ஜூன் 1 அன்று முடிந்துவிட்டது. லைஃப்லைன் என்ற ஒன்றியத் திட்டம் இருக்கிறது, மாதம் 9.25 டாலர் கழிவு. வருமானம் ஒன்றிய வறுமைக் கோட்டின் 135 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது ஸ்னாப் (உணவு உதவி), மெடிக்கெய்ட் (மருத்துவ உதவி) போன்ற ஒன்றில் இருக்க வேண்டும். பீட் பணம் வாங்கிய நிறுவனம் இதே தகுதி உள்ளவர்களுக்குக் குறைந்த விலைத் திட்டம் ஒன்றை வைத்தாக வேண்டும். விலையை இப்போது நிறுவனமே சொல்கிறது, மாநிலம் நிர்ணயிக்க முடியாது. விளம்பரத்தில் அந்தத் திட்டம் பளிச்சென்று இருக்காது, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சொந்தப் பணத்தில் லைன் இழுத்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. அதோடு உங்கள் வீடு "சேவை உள்ள" பட்டியலுக்கும் போய்விடும். கோட்டேஷனுக்குக் கையெழுத்திடும் முன் உங்கள் ஐடி எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மானியத்தில் பெயர் சேர்க்க 150 டாலர் கேட்டு ஒருவர் வாசலுக்கு வந்தார்.

மோசடி. பெயர் சேர்க்கும் வேலையே இதில் கிடையாது.

லைன் வந்துவிட்டது, வேகம் சொன்னபடி இல்லை. மானியம் வாங்கியவர்களை யார் கேட்பது?

மாநில அலுவலகம்தான், ஒப்பந்தம் அவர்களோடுதான். பீட் வலையமைப்பில் எடுக்கும் அளவீடுகளில் 80 சதவீதம், சொன்ன வேகத்தின் 80 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். 95 சதவீத அளவீடுகளில் தாமதம் 100 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். செயலிழப்பு 365 நாளில் சராசரியாக 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வேகச் சோதனைக்கு மதிப்பு இருக்கும் இடம் இதுதான். வைஃபையில் எடுக்காதீர்கள். மோடத்திலிருந்தோ ஃபைபர் பெட்டியிலிருந்தோ நேராக ஈதர்நெட் கம்பியில் மடிக்கணினியைச் செருகி, மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் தினமும் மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் எடுங்கள். மடிக்கணினியின் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டும் தாங்கும் பழையதாக இருந்தால் எண் 94, 95-க்கு மேல் ஏறாது, அது நிறுவனத்தின் குற்றமல்ல. பதினான்கு எண்களையும் லொகேஷன் ஐடி, திட்டத்தின் பெயர், இணைப்பு வந்த தேதியோடு முதலில் நிறுவனத்துக்கு அனுப்பி டிக்கெட் எண் வாங்குங்கள். இரண்டு வாரத்தில் தீரவில்லை என்றால் அதே மின்னஞ்சலை, டிக்கெட் எண்ணையும் சேர்த்து, மாநில பிராட்பேண்ட் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.